முதலாம் படிவத்தில் தமிழ் வகுப்பு இல்லை என்கிறார்கள், 15 பேர் கணக்கு என்பது எப்படி?

ஆயக்கொட்டகைப் பிள்ளை (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு இப்போது இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம், அதாவது ஏழாம் வருடம், போகிறாள். பள்ளி திறந்து மூன்றாம் நாள் கால அட்டவணையை எழுதிக்கொண்டு வந்தாள். மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தேன். தமிழ் இல்லை. "கேட்டியாம்மா?" என்றேன். "கேட்டேன்மா. இங்க தமிழ் கிடையாதாம். வேணும்னா வெளியே டியூஷன் போகச் சொன்னாங்க" என்றாள்.

மறுநாள் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நானே போனேன். அலுவலகத்தில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். முதலாம் படிவத்தில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் 11 பேர்தான், 15 பேர் கேட்டால்தான் வகுப்பு, உங்கள் படிவத்தில் அது சேராது என்றார். சேர்ந்தாலும் தமிழாசிரியர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் ஆகிறது, ஆள் இல்லை என்றார். எழுதிக் கொடுக்கவா என்று கேட்டேன். "எழுதலாம், ஆனால் பயன் இருக்காது" என்றார். வெளியே வந்து மோட்டாரைத் தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தேன். ஏறி ஓட்டத் தோன்றவில்லை.

நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்தில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் விடிவதற்கு முன்பே பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள், நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் வளர்ந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம். அப்புறம் பஸ் ஏறி டவுனில் இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவும் இல்லை. என் தமிழ் 12 வயதோடு நின்றுவிட்டது. இப்போது நான் எழுதுகிற தமிழ் அதற்குப் பிறகு பத்திரிகை படித்துப் படித்து, எழுதி எழுதி நானாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு நல்ல கவிதையைக் கையில் கொடுத்தால் பாதி புரியும், மீதிக்கு யாரிடமாவது போய் நிற்பேன். தோட்டம் பிறகு செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறியது, குடியிருந்த லயத்தை இடித்தார்கள், நாங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டோம்.

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019இல் நின்றபோது, வீட்டில் ஒரு ஆள் போனதுபோல இரண்டு நாள் பேசாமல் இருந்தார். இப்போது கண் மங்கிவிட்டது. என் மகள்தான் தினமும் சாயங்காலம் வேறு பத்திரிகை வாசித்துக் காட்டுகிறாள். தடுக்கிய இடத்தில் பாட்டி சொல்லிக்கொடுப்பார். சில நாள் செய்தியை விட்டுவிட்டு அந்தச் சொல்லிலேயே அரை மணி நேரம் போய்விடும். இது இன்னும் எத்தனை வருடம் ஓடும்? 13 வயதுத் தமிழோடு அவளும் நின்றுவிட்டால், அவள் பிள்ளைக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள்?

என் வீட்டுக்காரருக்கு வேறு எண்ணம். லாரி ஓட்டுகிறார். ரசீதும் நிரப்பிக் கொடுக்கிற ஃபாரமும் எல்லாம் மலாயில்தான் வருகிறது, மலாயும் ஆங்கிலமும் அறிவியலும் தேறினால் போதும், தமிழை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பத்து வருடம் ஓட்டிப் பார்த்தவர் சொல்கிறார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த 15 பேர் ஒரே படிவத்தில்தான் இருக்க வேண்டுமா? எழுதிக் கொடுப்பதென்றால் யாருக்கு, எந்த மொழியில்? பிள்ளையின் பெயர் அங்கே கெட்டுப்போகுமா? அதுவும் ஒரு பயம்.

ஓய்வு வாத்தியார் (தெலுக் இந்தான்)

வணக்கம் தங்கச்சி. தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே, சனிக்கிழமைகளில் இடைநிலைப்பள்ளிகளுக்குப் போய் மணிக்கணக்குச் சம்பளத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் அட்டவணைக் கதையைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

முதலில் அந்த 15. கல்விச் சட்டம் 1996, அதாவது சட்டம் 550, அதன் 2ஆம் பிரிவில் தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்து தர வேண்டும் என்கிறது. 'பள்ளியில்' என்பதைக் கவனியுங்கள். படிவத்தில் என்று இல்லை, வகுப்பில் என்றும் இல்லை. முதலாம் படிவத்தில் 11 பேர் இருந்தால், இரண்டிலும் மூன்றிலும் இன்னும் 4 பேர் தேட வேண்டியதுதான். இன்னொன்றும் பாருங்கள், கணக்கு மாணவர்களுக்குத்தான். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தால் அது இரண்டு. பெற்றோர் தமிழராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை.

அதே பிரிவில் அரபு, ஜப்பானியம், பிரெஞ்சு போன்றவற்றுக்குச் 'செய்து தரலாம்' என்று இருக்கிறது. சீனத்துக்கும் தமிழுக்கும் 'செய்து தர வேண்டும்'. இந்த ஒரு சொல்லுக்கு உள்ள கனம் பல பெற்றோருக்குத் தெரியாது. பல பள்ளி அலுவலகங்களுக்கும் தெரியாது. உங்களிடம் பேசியவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நினைக்காதீர்கள், யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அரசியல் சட்டத்தின் 152ஆவது விதியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிய மொழி மலாய் என்று சொல்கிற அதே விதிதான், வேறு எந்த மொழியையும் கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும் சட்டத்துக்கு முரண் என்று போட்ட வழக்கில் 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நம்மவர்கள் அந்தத் தீர்ப்புகளைக் கொண்டாடினார்கள், நானும்தான். ஆனால் அது ஆறாம் ஆண்டு வரைக்கும் உள்ள பள்ளிகளைப் பற்றிய வழக்கு. ஏழாம் வருடம் நம் பிள்ளை எங்கே போகிறது என்பதைப் பற்றி நாம் அந்த அளவுக்குப் பேசுவதில்லை. சீனர்களுக்கு அறுபது தனியார் இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன, அவர்களே காசு போட்டு நடத்துகிறார்கள். நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே இந்த 15 கையெழுத்துதான் நமக்கு உள்ள கதவு.

பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்காரன் காலத்து 1923 தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்றது. நம் தோட்டப் பள்ளிகளில் பெரும்பாலானவை அப்படி முளைத்தவைதான். சில இடங்களில் ஒரு ஓரக் கொட்டகை, கங்காணியோ கிராணியோதான் (தோட்டத்து மேற்பார்வையாளரோ எழுத்தரோதான்) வாத்தியார். 1957இல் நாட்டில் மொத்தம் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஐந்நூற்றுச் சொச்சம். அன்று 10 பிள்ளை இருந்தாலே போதும், யாரும் கேட்க வேண்டியதில்லை. இன்று 15 பிள்ளை இருந்தாலும் பெற்றோர் வாய் திறந்து கேட்க வேண்டும்.

சரி, கடிதம். மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். முதல்வர் பெயருக்கு. சட்டத்தின் பெயர், எண், பிரிவு மூன்றையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். பாடத்தின் பெயரை 'பஹாசா தமிழ்' என்று முழுதாக எழுதுங்கள். பின்னால் ஒரு பட்டியல்: பிள்ளையின் பெயர், படிவம், பெற்றோர் பெயர், கையெழுத்து. நகல் ஒன்று மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு, ஒன்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு. கையில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சாப்பு (முத்திரை) அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பு இல்லாத கடிதம் மேசையிலிருந்து காணாமல் போகும்.

ஆசிரியர் இல்லை என்பது உண்மையான கஷ்டம். அதை மறுத்துப் பேசாதீர்கள். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர்களுக்குப் படிப்பு இருக்கிறது, ஆனால் பள்ளி 'தமிழ் கேட்கிறார்கள்' என்று மேலே எழுதினால்தான் இடம் காலி என்பதே பதிவாகும். கேட்காத பள்ளிக்கு ஆசிரியர் வரமாட்டார், ஆசிரியர் இல்லாத பள்ளியில் யாரும் கேட்கமாட்டார்கள். இந்தச் சுற்றை உடைக்கிற ஆள் பெற்றோர்தான். அதுவரைக்கும் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரை வாரத்தில் சில மணி நேரம் விட முடியுமா என்று கடிதத்திலேயே கேளுங்கள்.

பிள்ளையின் பெயர் கெடுமா என்று கேட்டீர்கள். ஒருவர் போனால் 'அந்தப் பிள்ளையின் அம்மா' என்பார்கள். பதினைந்து பேர் போனால் அது பெற்றோரின் கோரிக்கை. தனியாகப் போகாதீர்கள்.

பாயான் லெப்பாஸ் தம்பி

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் யாராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன். நானும் பேராக்கில் ஒரு தோட்டப் பள்ளியில் படித்தவன். ஆறாம் ஆண்டில் மலாய் சரியாக வராததால், முதலாம் படிவத்துக்கு முன்னால் வைக்கிற புதுமுக வகுப்பில் போட்டார்கள். ஒரு வருடம் போனது. என்னோடு ஆரம்பித்த மற்ற பிள்ளைகள் இரண்டாம் படிவம் போகும்போது நான் முதலாம் படிவம். வகுப்பில் எழுந்து பேசவே பயம், வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். அந்த வயதில் அது எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று சொல்ல முடியாது.

தமிழ் வகுப்பு இருந்தது, சனிக்கிழமை காலையில். பஸ்ஸுக்குத் தனிக் காசு. அப்பாவிடம் கேட்க மனம் வராமல் மாதத்தில் இரண்டு தடவைதான் போவேன். நான்காம் படிவத்தில் விட்டுவிட்டேன். ஐந்தாம் படிவ முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் சுலபமில்லை, இலக்கணத்தில் மதிப்பெண் போனால் மொத்தத் தேர்ச்சியும் கீழே இழுக்கும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். இப்போது தொழிற்சாலையில் எஞ்சினியராக இருக்கிறேன். எஸ்.பி.எம். தமிழ் எடுத்தாயா என்று இங்கே யாரும் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று. என் அப்பா இறந்தபோது அவர் பெட்டியில் ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. தோட்டத்தில் யார் எப்போது இறந்தார், யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு எவ்வளவு கடன், எல்லாம் அவர் கையெழுத்தில். வாசித்தேன். வாசிக்க முடிந்தது. ஆனால் அதற்கு அடியில் அவரே எழுதிய நாலு வரிப் பாட்டு ஒன்று இருந்தது, அது எனக்குச் சரியாகப் புரியவில்லை. இன்னும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே நான் சொல்வது இதுதான். தமிழ் வகுப்பு கேளுங்கள், ஆனால் சனிக்கிழமை என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி நேரத்துக்குள், அட்டவணைக்குள் கேளுங்கள். வெளியே தள்ளினால் காசில்லாத வீட்டுப் பிள்ளைதான் முதலில் நிற்கும். மலாயை விட்டுவிட்டுத் தமிழ் படிக்கச் சொல்லி யாரும் இங்கே சொல்லவில்லை என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

கப்பிட் டீச்சர்

நான் சுங்கை சிப்புட் பெண்தான், சரவாக்கில் வேலை பார்க்கிறேன். வாத்தியார் ஐயா சொன்ன 2ஆம் பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. பூர்வகுடி மொழிகளுக்கும் 15 பெற்றோர் கேட்கலாம், ஆனால் அங்கே 'நியாயமானதாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால்' என்று ஒரு முடிச்சு போட்டிருக்கிறார்கள். தமிழுக்கு அந்த முடிச்சு இல்லை. அந்த முடிச்சோடும் இங்குள்ள பூர்வகுடிகளான இபான் மக்கள் விடாமல் கேட்டு, 2008இல் இபான் மொழி எஸ்.பி.எம். பாடமாகவே வந்துவிட்டது. என் மாணவர்கள் நீள்வீட்டிலிருந்து படகில் வருகிறவர்கள். இபான் பாட வேளையில் அவர்கள் முதுகு நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். மற்ற வேளையில் அப்படி இல்லை.

நம் ஊருக்கு மேலே மலையில் தெமியார் என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் சந்தைக்கு அவர்கள் பெட்டாயும் மூங்கிலும் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். தங்கள் மொழியில் முழுப் பள்ளி என்று அவர்களுக்கு ஒன்றும் இருந்ததில்லை. நமக்குத் தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது, 'செய்து தர வேண்டும்' என்ற சட்டமும் இருக்கிறது. கேளுங்கள் அக்கா. பட்டியலோடு போகும்போது என் தம்பி மகன் பெயரையும் சேருங்கள், இரண்டாம் படிவம், அதே பள்ளியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தனியாக எழுதுகிறேன்.

செம்பனை

எங்கள் தாமானில் மூன்று பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். என் பேரன் மூன்றாம் படிவம். எங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கம்மா.

ஆயக்கொட்டகைப் பிள்ளை (சுங்கை சிப்புட்)

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, உங்கள் பதிலை அச்செடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் லாரியை எடுப்பதற்கு முன்னால், "கடிதத்தை மலாயில் யார் எழுதுறது?" என்று கேட்டார். அவரே எழுதினார். பத்து வருடம் ஃபாரம் நிரப்பிய கை, அந்த மலாய் என்னைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. தம்பி சொன்ன மாதிரி 'பள்ளி நேரத்துக்குள்' என்ற வரியைச் சேர்க்கச் சொன்னதும் அவர்தான்.

கையெழுத்துக்குச் சாயங்காலங்களில் மோட்டாரில் போனேன். மகளும் பின்னால் உட்கார்ந்து வந்தாள். சில வீடுகளில் உடனே போட்டார்கள். ஒரு வீட்டில் பிரச்சினை வேண்டாம் என்று கதவோரமே சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் பயம் எனக்கும் இருந்த பயம். கோயிலுக்குப் பின்னால் ஒரு தெலுங்குக் குடும்பம், இரண்டு பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டுப் பெரியவர், கீழ்ப் பேராக் பக்கம் ஒரு காலத்தில் தெலுங்குப் பள்ளிகள் இருந்ததையும், அதில் அவர் அண்ணன் படித்ததையும் சொன்னார். இப்போது ஒன்றும் இல்லை. "எங்களுது போயிடுச்சும்மா, இதுவாவது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மகனைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்.

முதலாம் படிவத்தில் 9, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 5. மொத்தம் 18. செம்பனை ஐயாவின் பேரனும் கப்பிட் டீச்சரின் தம்பி மகனும் இதில் சேர்த்தி. நேற்று ஏழு பேர் சேர்ந்து போனோம். முன்பு பேசிய அதே அலுவலர்தான். கடிதத்தை நின்றபடியே படித்தார். 'பள்ளியில்' என்ற சொல்லுக்குக் கீழே என் வீட்டுக்காரர் கோடு போட்டிருந்தார், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் முதல்வரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து, எங்கள் நகலில் சாப்பு அடித்துக் கொடுத்தார். மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுகிறோம், ஆசிரியர் கிடைக்கும்வரை எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இன்று மதியம் மாவட்ட அலுவலகத்திலும் நகலைக் கொடுத்துவிட்டேன். அங்கேயும் சாப்பு வாங்கியாயிற்று.

மகள் படித்த தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியை வாரத்தில் இரண்டு மதியம் வர முடியும் என்று வாயால் சொல்லியிருக்கிறார். வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். அவரை அனுப்பும்படி யார் எழுத வேண்டும், இடைநிலைப்பள்ளி முதல்வரா, இல்லை தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரா? அது தெரிந்தால் திங்கட்கிழமை காலையிலேயே போய் நிற்பேன். முதலாம் படிவத் தமிழ்ப் பாடநூல் பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவை நான் தருகிறேன். வகுப்பு ஆரம்பிக்கும்வரை அம்மாவும் மகளும் சேர்ந்து படிக்கட்டும்.